வில்லன் யார்?

'வில்லன்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர் இன்று தமிழ்நாட்டில் எவரும் இருக்கமாட்டார்கள். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாத குக்கிராமத்துக் கிழவிகூட, சினிமாப் படத்தில் கதாநாயகியைக் கெடுக்க வருகிறவனைப் பார்த்தவுடனே 'இவன்தான் வில்லன்' என்று சொல்லிவிடுவாள். அகராதியைப் புரட்டினாலும் அதே அர்த்தந்தான் கிடைக்கும்: கெட்டவன், வஞ்சகன், பழிபாவத்துக்கு அஞ்சாதவன், அயோக்கியன்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு என்ன அர்த்தம் இருந்தது? திருடன் என்றா? கொலைகாரன் என்றா? இல்லை. 'பண்ணையிலே பாடுபடுகிற குடியானவன்' என்பதுதான் அதன் அர்த்தம். ஊருக்குச் சோறு போட்டவனுடைய பெயர் எப்படி அயோக்கியனுடைய பெயராயிற்று? யார் ஆக்கினார்கள்? அதனால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

'இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் சொல்வது பள்ளிக்கூட வாத்தியார் வேலையல்லவா? சுயமரியாதைக்காரருக்கு அதில் என்ன வேலை?' என்று சில தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு மனிதனைச் சங்கிலியால் கட்டிப்போட்டால் அவன் சங்கிலியைப் பார்ப்பான். ஒருநாள் அறுக்கவும் முயலுவான். சொல்லால் கட்டிப்போட்டாலோ அவனே அந்தச் சொல்லை எடுத்துத் தன் பிள்ளையை வைவான்.

சொல்லின் சரித்திரம்

லத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. அது பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்துக்குப் போயிற்று. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை ஜெயித்தார்கள். ஜெயித்த அரசன் தனக்கு எவ்வளவு வரி வரும் என்று தெரிந்துகொள்ள, 1086-ல் நாடு முழுவதையும் கணக்கெடுத்து எழுதச் செய்தான். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று அதற்குப் பெயர். அதில் எழுதப்பட்ட ஆட்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பேர் 'வில்லானுஸ்' என்றே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அதாவது நாட்டிலே மிகப் பெரிய கூட்டம் அதுதான். அன்று அது வெறும் கிராமத்துக் குடியானவன் என்ற பெயர், வசையல்ல.

அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் பண்ணைப் பிரபுக்களும் அவர்களுடைய கோர்ட்டுகளும் அந்தக் குடியானவனை மெல்ல மெல்ல அடிமையாக்கின. அவன் வாரத்தில் சில நாள் கூலியில்லாமல் பிரபுவின் நிலத்தில் வேலை செய்யவேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்குமேலும் செய்யவேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டி உத்தரவு பெறவேண்டும். அவன் செத்துப்போனால் வீட்டிலிருக்கிற மாடுகளில் சிறந்ததைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது, போனால் பிடித்துவரப்படுவான். இப்படி அரையடிமையாய்க் கிடந்தவனுக்குச் சட்டத்தில் 'வில்லீன்' என்று பெயர்.

இந்த அக்கிரமத்தைச் செய்தவன் யோக்கியன். இதற்கு ஆளானவன் பெயர்தான் அயோக்கியன் என்ற அர்த்தத்துக்கு வந்தது. முதலில் 'நாகரிகமில்லாதவன்' என்றார்கள். பிறகு 'இழிந்த புத்தியுள்ளவன்' என்றார்கள். கடைசியில் 'கொடியவன்' என்றே முடித்துவிட்டார்கள். இன்று இங்கிலீஷ் புத்தகங்களில் பண்ணையடிமையைக் குறிக்க ஓர் எழுத்துக்கூட்டும், அயோக்கியனைக் குறிக்க வேறோர் எழுத்துக்கூட்டும் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் ஓரெழுத்துதான். சத்தம் ஏறக்குறைய ஒன்றே, வேரும் ஒன்றே.

வில்லன்கள் செய்த கலகம்

அந்த 'வில்லன்கள்' சும்மா இருந்தார்களா? 1381-ல் ஏழை பணக்காரன் என்ற பேதமில்லாமல் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று வரி போட்டபோது இங்கிலாந்துக் குடியானவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாட் டைலர் என்பவன் தலைவன். ஜான் பால் என்ற பாதிரி, 'ஆதியில் எஜமானனும் இல்லை, அடிமையும் இல்லை; இதெல்லாம் அக்கிரமக்காரர் உண்டாக்கியது' என்ற கருத்தைப் பிரசங்கம் செய்தான். ஜனங்கள் பல பண்ணைகளில் புகுந்து முதலில் எதைக் கொளுத்தினார்கள் தெரியுமா? தாங்கள் அடிமைகள் என்று எழுதி வைத்திருந்த தஸ்தாவேஜுகளை! எந்த ஏட்டில் தங்கள் இழிவு எழுதப்பட்டிருக்கிறதோ அந்த ஏடுதான் தங்கள் விலங்கு என்பது, எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

லண்டனுக்கு வந்த அவர்களிடம் 14 வயதுப் பையனான இரண்டாம் ரிச்சர்டு அரசன் 'உங்கள் அடிமைத்தனத்தை ஒழித்தேன்' என்று சாசனம் எழுதிக்கொடுத்தான். மறுநாளே வாட் டைலர் வெட்டப்பட்டான். ஒரு மாதத்தில் ஜான் பாலும் தூக்கிலிடப்பட்டான். சாசனங்கள் ரத்தாயின. கெஞ்ச வந்த குடியானவர்களிடம், 'நீங்கள் இதுவரை குடியடிமைகள், இனியும் அப்படியே இருப்பீர்கள். முன்னைவிட மோசமாகவே இருப்பீர்கள்' என்ற கருத்தில் அரசன் பதில் சொன்னதாக அக்காலத்துச் சரித்திரக்காரரே எழுதி வைத்திருக்கிறார். வாக்குக் கொடுத்துக் கழுத்தை அறுத்தவன் பெயர் மகாராஜா. அதை நம்பி உயிர்விட்டவன் பெயர் வில்லன்!

ஒரே பொருள் தரும் சொற்கள்

ஒரு சொல் மட்டும் தற்செயலாக இப்படித் திரிந்துவிட்டது என்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் 'வில்லன்' என்பதற்கு இங்கிலீஷில் வழங்கும் மற்றச் சொற்களையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்போம்.

'ராஸ்கல்' என்று நம்மவர்கூட வைகிறார்களே, அது முதலில் என்ன? படையிலும் ஊரிலும் உள்ள சாதாரண ஜனக்கூட்டம். 'நேவ்' என்றால் முதலில் பையன்; பிறகு வேலைக்காரப் பையன்; பிறகு மோசக்காரன். 'வார்லெட்' என்பதும் வேலைக்காரனே. 'பிளாக்கார்ட்' என்ற சொல் முன்னாளில் பெரிய வீடுகளில் சட்டிபானை கழுவும் சமையற்கட்டு ஆட்களைக் குறித்தது. 'சர்ல்' என்றால் அடிமையல்லாத சாதாரணக் குடிமகன், பிறகு முரடன். 'பூர்' என்றால் உழவன். பிறகு மரியாதை தெரியாதவன். 'ரோக்' என்றால் வேலையும் வீடும் இல்லாமல் அலைந்தவன். 'வல்கர்' என்றால் பொதுஜனங்களுக்குரியது, இன்று ஆபாசம்.

இன்னொன்று நம் இயக்கத் தோழர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது. 'மிஸ்கிரியண்ட்' என்று ஒரு சொல். அயோக்கியன் என்று அர்த்தம். அதன் முதல் அர்த்தம் 'தப்பான நம்பிக்கையுள்ளவன்', அதாவது இவர்கள் மதத்தை நம்பாதவன். திருடாவிட்டாலும், பொய் சொல்லாவிட்டாலும், நம்பாதவன் அயோக்கியனாம்! 'பேகன்' என்ற சொல்லோ லத்தீனில் கிராமத்தான் என்றிருந்து, பிறகு கிறிஸ்தவ மதத்தைச் சேராதவன் என்றாயிற்று.

பெண்களையும் விட்டார்களா? 'ஹஸ்ஸி' என்றால் இன்று ஒழுக்கங்கெட்ட பெண். அந்தச் சொல் 'ஹவுஸ் ஒய்ப்' என்ற சொல்லின் தேய்வுதான்; வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பப் பெண்தான் அவள்.

இந்த ஜாபிதாவைப் பாருங்கள். உழுகிறவன், சட்டி கழுவுகிறவன், வேலைக்காரப் பையன், வீடற்றவன், குடும்பப் பெண், மதத்தை நம்பாதவன். இவர்கள்தாம் அயோக்கியர்கள். அயோக்கியர் பட்டியலா இது? பாடுபடுகிறவர்கள் பட்டியலல்லவா?

எதிர்ச்சொற்கள்

இனி நல்லவனுக்கு வழங்கும் சொற்களைப் பாருங்கள். 'ஜென்டில்மேன்' என்பதில் உள்ள 'ஜென்டில்' என்றால் நல்ல குலத்தில் பிறந்தவன். 'ஜெனரஸ்' என்றால் இன்று தாராள மனமுள்ளவன். முதலில் உயர்ந்த வமிசத்தில் பிறந்தவன். அதாவது கொடுக்காவிட்டாலும் அவன் வள்ளல்தான், பிறப்பினாலே! 'பிராங்க்' என்றால் ஒளிவுமறைவில்லாதவன். அது கால் தேசத்தை ஜெயித்து ஆண்ட பிராங்கர் என்ற கூட்டத்தின் பெயர். 'ஸ்லேவ்' என்றால் அடிமை. அது பிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் ஜனங்களின் பெயர். ஜெயித்தவன் ஜாதிப் பெயர் யோக்கியதையாயிற்று. பிடிபட்டவன் ஜாதிப் பெயர் அடிமைத்தனமாயிற்று.

'நைட்' என்ற சொல்லும் 'நேவ்' என்ற சொல்லும் பழைய இங்கிலீஷில் ஏறக்குறைய ஒரே அர்த்தமுள்ளவை. இரண்டும் பையன், வேலைக்காரன் என்பவையே. அவற்றில் ஒருவன் அரசனுக்காகக் கத்தியெடுத்து ஆள் வெட்டப் போனான்; அவன் பெயர் 'சர்' பட்டத்துக்குரிய 'நைட்' ஆயிற்று. மற்றவன் சமையற்கட்டிலும் தொழுவத்திலும் வேலை செய்துகொண்டு நின்றான். அவன் பெயர் மோசக்காரன் என்றாயிற்று. வேலை செய்ததா குற்றம்? யாருக்கு, எதற்கு வேலை செய்தான் என்பதுதான் கணக்கு.

எல்லாவற்றிலும் வேடிக்கை 'லார்டு' என்ற சொல். பழைய இங்கிலீஷில் அதற்கு 'ரொட்டியைக் காக்கிறவன்' என்று அர்த்தம். கோதுமை விதைத்தவன் வில்லன்; ரொட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் லார்டு. நமது கோவில்களிலே பொங்கல் வைக்க நெல் கொடுத்தவன் வெளியே நிற்க, பிரசாதத்துக்கு அதிகாரி உள்ளே நின்றதை இதோடு ஒத்திட்டுப் பார்க்கவேண்டியது.

நம் நாட்டுச் சங்கதி

'வெள்ளைக்காரன் யோக்கியதை இவ்வளவுதானா!' என்று நம் சனாதனிகள் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம். அங்கே இந்த அநியாயம் பழக்கத்தால் வந்தது. அதைக் கட்டளையிட்ட வேதம் ஒன்றும் இல்லை. இங்கேயோ அது சாஸ்திரமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

மனுதர்ம சாஸ்திரம் இரண்டாம் அத்தியாயம், 31, 32-ஆம் சுலோகங்களை எடுத்துப் படியுங்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பது எப்படி என்று அங்கே சொல்லியிருக்கிறது. பிராமணக் குழந்தையின் பெயர் மங்களமாயிருக்கவேண்டுமாம். க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் செல்வத்தையும் காட்டவேண்டுமாம். சூத்திரன் பெயரோ அருவருப்பைக் காட்டவேண்டுமாம். அதோடு ஊழியத்தைக் குறிக்கும் சொல்லும் சேரவேண்டுமாம். இங்கிலாந்தில் ஒரு பெயர் வசையாவதற்குச் சில நூற்றாண்டுகள் வேண்டியிருந்தது. இங்கே வசையையே பெயராக வைத்துவிடு என்று உத்தரவு! பிறந்த பத்து நாள் குழந்தை என்ன அயோக்கியத்தனம் செய்திருக்கும்?

அதே மனு, பத்தாம் அத்தியாயம் 84-ஆம் சுலோகத்தில், உழவு நல்லோர்களால் இகழப்பட்ட தொழில் என்கிறார். இரும்பு முனையுள்ள கலப்பை பூமியையும் அதிலுள்ள ஜீவன்களையும் வதைக்கிறதாம். உழவு பாபம் என்றால் சோறு பாபமல்லவா? பாபத்தால் விளைந்ததை வயிறு நிறையத் தின்பது மட்டும் புண்ணியமா? திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரமே பாடினார். நாமோ அதை மேடையில் ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து, படிக்காத பையனை 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு, ஏர் பிடிக்கத்தான் லாயக்கு' என்று வைகிறோம். 'பட்டிக்காட்டான்' என்பது நமக்கு இன்றும் வசைதானே? அது வெள்ளைக்காரனுடைய 'வில்லானுஸ்' தானே? 'சண்டாளன்' என்று ஒரு ஜாதியின் பெயரையே கொடியவனுக்குப் பெயராக வைத்து, தாய்மார்கள்கூட ஒப்பாரியில் எமனைச் 'சண்டாளா' என்று அழைக்கவில்லையா?

இங்கிலீஷுக்கு நாம் கொடுத்த சொல்

வெள்ளைக்காரனிடமிருந்து 'வில்லன்' என்ற சொல்லை வாங்கிக்கொண்ட நாம், அவனுக்குப் பதில் சீதனமாக ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறோம். அதுதான் 'பரையா'. பறை என்ற வாத்தியத்தின் பெயராலே அழைக்கப்பட்ட நம் சகோதரர்களின் ஜாதிப் பெயர், இன்று இங்கிலீஷ் அகராதியில் 'எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன்' என்ற அர்த்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. வல்லரசுகள் ஒரு நாட்டோடு சகவாசம் வேண்டாமென்று முடிவு செய்தால், உலகப் பத்திரிகைகள் அதைப் 'பரையா நாடு' என்று எழுதுகின்றன. தெருவில் திரியும் நாய்க்கும் அந்தப் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் வளம் பெற்ற மொழி என்று மார்தட்டுகிறோமே, அந்தத் தமிழிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டு நாள்தோறும் வழங்கும் சொற்களில் இது ஒன்று என்பதற்காக நாம் வெட்கப்படவேண்டாமா? சேரியை ஊருக்கு வெளியே வைத்தவர் நம்மவர். அதைப் பார்த்துத்தான் அவன் அகராதியில் அர்த்தம் எழுதினான்.

'அர்த்தம் மாறிப்போய்விட்டது, இன்று வில்லன் என்று சொல்கிறவன் எவனும் குடியானவனை நினைப்பதில்லை, ஆகவே பழங்கதையைக் கிளறுவானேன்?' என்று ஒரு ஆட்சேபணை சொல்லலாம். வில்லன் விஷயத்தில் அது சரிதான். இங்கிலாந்தில் அந்தப் பண்ணையடிமை முறை செத்துப்போயிற்று. 1574-ல் எலிசபெத் ராணி தன் நிலங்களில் மிஞ்சியிருந்த அடிமைக் குடிகளைப் பணம் வாங்கிக்கொண்டாவது விடுவிக்க ஏற்பாடு செய்தாள். பிறகு அம்முறையே மறைந்தது. இன்று எந்த உழவனும் 'வில்லன்' என்ற சொல்லால் புண்படுவதில்லை. ஆனால் 'பரையா' அப்படியா? அந்தச் சொல்லுக்குரிய மனிதர்கள் நம் கண்முன் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோவில் கதவையும் பொதுக் கிணற்றையும் சுடுகாட்டுப் பாதையையும் மறுக்கிற ஊர்களும் இருக்கின்றன. செத்த பாம்பின் தோலும் உயிருள்ள பாம்பின் பல்லும் ஒன்றாகுமா?

பெயரை மாற்றினால் போதுமா?

பெயரால் வந்த இழிவைத் துடைக்க நம் நாட்டில் இருவிதமாக முயன்றார்கள். தோழர் இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிய வேண்டுமென்றார்களோ அதைத் தலைநிமிர்ந்து தாமே எடுத்துக்கொண்டார். தோழர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-ல் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. இரண்டும் மான உணர்ச்சியுள்ள மனிதர் செய்யும் காரியங்களே.

ஆனால் ஒன்று பாருங்கள். 'காலனி' என்ற இங்கிலீஷ் சொல்லும் லத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. சென்னைப் பட்டணத்தில் பெரிய உத்தியோகஸ்தர் குடியிருக்கிற இடம் காலனி என்றால் அது கௌரவம். கிராமத்தில் ஆதிதிராவிடர் குடியிருக்கிற இடம் காலனி என்றால் முகத்தைச் சுளிக்கிறான். எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று. குடியிருக்கிறவன் வேறு, ஆகவே அர்த்தம் வேறு! 2025-ல் தமிழ்நாடு அரசு இந்தச் சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சேரி என்றது இழிவாயிற்று என்று காலனி என்றோம், காலனியும் இழிவாயிற்று. நாளைக்குப் 'பூந்தோட்டம்' என்று வைத்தாலும், அது ஊருக்கு வெளியேதான் இருக்கவேண்டுமென்றால், நாளன்றைக்குப் பூந்தோட்டமும் வசையாகும். சொல்லில் நாற்றம் இல்லை. சொல்லுகிறவன் மனத்தில் இருக்கிறது. அந்த மனத்துக்கு ஆதாரமாக ஜாதி இருக்கிறது. ஜாதிக்கு ஆதாரமாகச் சாஸ்திரம் இருக்கிறது.

ஆகவே தோழர்களே! அகராதியைத் திருத்துவது பண்டிதர் வேலையாக இருக்கட்டும். நம்மால் இன்றைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஒரு தொழிலின் பெயரையோ ஜாதியின் பெயரையோ வசையாக வாயில் எடுப்பதில்லை என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். பண்ணையில் வேலை செய்யும் அறுபது வயதுக் கிழவரை முதலாளி வீட்டு ஆறு வயதுக் குழந்தை 'அடே' என்று கூப்பிட்டால், குழந்தையைத் திருத்துங்கள். அதற்குக் கற்றுக்கொடுத்த தகப்பனைக் கேளுங்கள். 'மாடு மேய்க்கப் போ' என்று பிள்ளையை வைகிறபோது, மாடு மேய்க்கிறவன் இல்லாவிட்டால் பால் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். பெயரை மாற்றும்போது கூடவே கிணற்றையும் திறவுங்கள், தெருவையும் சேருங்கள், கல்யாணத்தையும் கலந்து செய்யுங்கள்.

பாடுபடுகிறவன் பெயர் வசையாகவும், பாடுபடாதவன் பெயர் பட்டமாகவும் இருக்கிற மொழி எந்த நாட்டு மொழியானாலும், அது அந்த நாட்டுக் கொள்ளைக்காரன் எழுதி வைத்த கணக்குப் புத்தகமே. அந்தப் புத்தகத்தில் வில்லன் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்தோம். எழுதினவன் யார் என்பதையும் பார்த்தோம். இனி வில்லன் யார் என்று தீர்ப்புச் சொல்லவேண்டியது நீங்களே.